24 அடியா, 30 அடியா? முதலில் வீட்டு வாசலை அளங்கள்

பிரிஸ்பேனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நான், மனைவி, 12, 8 வயதுப் பிள்ளைகள். மூன்று வருடமாக ஹோபி 16 (16 அடி நீளத் திறந்த கேடமரான்) ஓட்டுகிறேன். இப்போது உள்ளே படுத்துத் தூங்கக்கூடிய சின்ன கேடமரானோ (இரட்டை உடல் பாய்ப்படகு) டிரைமரானோ (நடு உடலும் இரு பக்க மிதவைகளும் உள்ளது) வாங்க ஆசை. வார இறுதியில் எங்கள் ஊர் விரிகுடாவான மோர்டன் பே, வருடத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் வடக்கே உள்ள கிரேட் சாண்டி ஸ்ட்ரெய்ட் நீரிணை. கையில் 60 ஆயிரம் டாலர். பழைய படகு என்றாலும் பரவாயில்லை. 24 அடி போதுமா, 30 அடிக்குப் போகலாமா? மனைவிக்கு ஒரே கேள்விதான்: கவிழுமா?"

நீளத்தை அப்புறம் பார்ப்போம். வாங்கிய படகை எங்கே வைக்கப் போகிறீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பழைய படகுகளைச் சோதித்துச் சொல்வது என் தொழில். ஓட்டாமல் கிடந்து கெட்டுப்போன படகுகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன, ஓட்டிக் கெட்டவை குறைவு. அவற்றில் பாதிக்கு மேல், நிறுத்த இடம் யோசிக்காமல் வாங்கியவை.

ஒற்றை ஹல் (படகின் உடல்) கொண்ட படகு 27 அடி நீளம் என்றால் அகலம் 9 அடிக்குள் அடங்கிவிடும். அதே நீள டிரைமரான் விரிந்து நின்றால் 19 அடி. மரீனாவில் (படகுகள் நிறுத்தும் துறை) அகலத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை. உங்கள் ஊர் மேன்லி துறையில் படகு கட்டும் ஓர் இடத்துக்கு விலை கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரிந்துவிடும். மூரிங்கில், அதாவது கரையிலிருந்து தள்ளி நீரில் நிலையாகப் போட்ட மிதவையில் கட்டலாம்தான். ஆனால் அடியில் பாசியும் சிப்பியும் ஏறும், புயல் எச்சரிக்கை வந்தால் தூக்கம் போகும், ஒவ்வொரு முறையும் சின்னப் படகில் துடுப்புப் போட்டுப் போய் ஏற வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையோடு இதை எத்தனை வாரம் செய்வீர்கள்?

அதனால் என் முதல் யோசனை, டிரெய்லரில் ஏற்றி வீட்டு வாசலிலேயே நிறுத்தக்கூடிய படகு. அதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை. நீங்கள் போக ஆசைப்படும் கிரேட் சாண்டி ஸ்ட்ரெய்ட்டின் தெற்கு வாசலில் வைட் பே பார் இருக்கிறது. மணல் திட்டின்மேல் அலை உடைகிற இடம். பழகியவர்களே நேரம் பார்த்து, வற்றுகிற நீரைத் தவிர்த்துத்தான் நுழைவார்கள். மோர்டன் பேயிலிருந்து அங்கே போவது ஒரே நாளில் முடிகிற கடல்வழியும் இல்லை. டிரெய்லரில் என்றால் டின் கேன் பே மூன்று மணி நேரம். அங்கே ராம்பில் (படகை நீரில் இறக்கும் சரிவு) இறக்கினால், பார் உங்களுக்கு வெளிப்பக்கம். நீங்கள் ஏற்கெனவே உள்ளே. எதிர்க்காற்றில் மணிக்கு 90 கிலோமீட்டர் போகும் ஒரே பாய்ப்படகு டிரெய்லரில் இருக்கிறது என்று இங்கே ஒரு கேலி உண்டு. கேலிதான், ஆனால் விடுமுறை ஒரு வாரம் மட்டுமே உள்ளவருக்கு அது கணக்கும்கூட.

நம் ஊர்க் கட்டுமரத்துக்கும் இதே ஏற்பாடுதான். நாகப்பட்டினத்தில் சின்ன வயதில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து மணலில் காயப் போடுவார்கள். தண்ணீரிலேயே கிடந்தால் மரம் ஊறிக் கனத்துவிடும். 'கேடமரான்' என்ற சொல்லே அங்கிருந்து போனதுதான். ஆனால் கட்டுமரத்துக்கு இரண்டு ஹல் கிடையாது, அது பிணைத்த மரங்களின் மிதவை. பேர் நம்முடையது, இரட்டை ஹல்லும், பக்க மிதவை வைத்த படகும் பசிபிக் தீவுக்காரர்கள் வளர்த்த கலை. டிரைமரானில் ஒட்டியிருக்கிற 'மரான்'கூட நம் மரம்தான்.

சரி, டிரெய்லரில் ஏறுகிற படகு எது? இதில் உங்கள் ஊருக்கே ஒரு கதை இருக்கிறது. நியூசிலாந்தில் பிறந்த இயன் ஃபேரியர், 1970களில் பிரிஸ்பேனில் இருந்தபடிதான் மடக்கும் டிரைமரானை உருவாக்கினார். பக்க மிதவைகளைத் தாங்கும் கைகள் மேலே எழும்பி மடங்க, மிதவைகள் நடு ஹல்லோடு வந்து ஒட்டிக்கொள்ளும். பின்னால் அவர் அமெரிக்கா போய், கோர்சேர் நிறுவனத்துக்காக வரைந்த எஃப்-27, 1985 முதல் 400க்கு மேல் கட்டப்பட்டது. நீளம் 8.3 மீட்டர், வெற்று எடை சுமார் 1,200 கிலோ, டேகர்போர்டைத் (அடியில் நீருக்குள் இறங்கும் பலகை) தூக்கிவிட்டால் முழங்கால் தண்ணீரில் மிதக்கும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் நினைவுக்கு வந்தது இந்தப் படகுதான்.

ஒரு சிக்கல் உண்டு. ஆஸ்திரேலிய சாலையில் பொதுவான அகல வரம்பு 2.5 மீட்டர். எஃப்-27 மடங்கி நிற்கும்போது கிட்டத்தட்ட 2.57. ஏழு சென்டிமீட்டர்தானே என்று விட்டுவிடாதீர்கள். இழுத்துப் போக அனுமதி தேவையா, தற்போதைய உரிமையாளர் என்ன செய்தார் என்று கேட்டு, டேப்பை வைத்து நீங்களே அளங்கள். எடையும் அப்படித்தான்: படகு, டிரெய்லர், உள்ளே விட்டுவைக்கும் சாமான் எல்லாம் சேர்ந்தால் 2 டன்னைத் தொடும். உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். அந்த எடை எல்லைக்குள் வராவிட்டால் அதே வகையில் 24 அடி எஃப்-24 இருக்கிறது. வெற்று எடை 800 கிலோவுக்குள். இருவருக்கு அருமையான படகு, நால்வருக்கு இரண்டு இரவு. ஒரு வாரம் என்றால் சண்டை வரும்.

சண்டையைவிடப் பெரிய பிரச்சினை சுமை. சின்ன மல்டிஹல்லின் (கேடமரான், டிரைமரான் இரண்டுக்கும் பொதுப் பெயர்) ஹல்கள் ஒல்லியானவை, ஒவ்வொரு கிலோவுக்கும் தண்ணீரில் இறங்கும். ஒரு வாரத்துக்குக் கணக்குப் போடுங்கள். நால்வர் 220 கிலோ, தண்ணீர் 60, நங்கூரமும் சங்கிலியும் 25, அவுட்போர்டு எஞ்சின் 40, பெட்ரோல் 15, சாப்பாடும் ஐஸ் பெட்டியும் 40, துணி படுக்கை 40, பேட்டரி, கருவிகள், ரப்பர் படகு என்று இன்னொரு 70. அரை டன் தாண்டியாயிற்று. இதனால்தான் டிக்கி 21 என்ற 21 அடி கேடமரான் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன், எனக்கு அந்தப் படகின்மேல் தனிப் பிரியம் இருந்தும். 1955-56இல் 23 அடி 6 அங்குல கேடமரானில் அட்லாண்டிக்கைக் கடந்த ஜேம்ஸ் வாரம் (James Wharram) என்பவர் வரைந்தது அது. ஹல்களையும் குறுக்குக் கட்டைகளையும் இணைக்க போல்ட் கிடையாது, கயிற்றுக்கட்டுதான். கட்டுமரக்காரர் யாரும் பார்த்தால் தலையாட்டுவார். 1990களில் ஒருவர் அதில் உலகையே சுற்றி வந்தார். ஆனால் தாங்கும் சுமை சுமார் 450 கிலோ, படுக்கையோ ஹல்லுக்கு ஒன்று, சவப்பெட்டி அகலம்.

30 அடி கேடமரான் பக்கம் மனம் போவது புரிகிறது. நின்று நடக்கலாம், நடுவில் மேசை போட்டு உட்காரலாம். அந்த நீளத்துக்குள் நிற்கும் உயரம் வேண்டும் என்றால் ஒன்று கூரை ஏறும், இல்லை இரண்டு ஹல்களையும் இணைக்கும் தளம் தண்ணீரை நோக்கி இறங்கும். மோர்டன் பே ஆழமில்லாதது. காற்றும் நீரோட்டமும் எதிரெதிரானால் குட்டையான செங்குத்து அலை எழும்பி, தாழ்ந்த தளத்தின் அடியில் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். முன்னே போகாது, பிள்ளைகள் அழுவார்கள். மூரிங் நிச்சயமாகக் கிடைக்கும் என்றால் மட்டும் இந்த வகையைப் பாருங்கள். அப்போதும் தளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைச் சாமான் ஏற்றிய நிலையில் பாருங்கள், விளம்பரப் படத்தில் அல்ல.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. கவிழும். பொய் சொல்லி வாங்க வைக்க மாட்டேன். ஹோபியைக் கவிழ்த்து நிமிர்த்திப் பழகியிருப்பீர்கள்; இதை நிமிர்த்த முடியாது, தலைகீழாகவே மிதக்கும். ஆனால் மிதக்கும்: அடியில் ஈயக் கனம் இல்லாததால் கட்டுமரம்போல மூழ்காமல் ஏறி உட்கார இடம் தரும். ஒற்றை ஹல் படகு சாய்ந்து சாய்ந்து எச்சரிக்கும். மல்டிஹல் சாயாமல் வேகம் மட்டும் கூட்டும், அது சுகமாக இருக்கும், அங்கேதான் ஏமாறுவோம். காற்றின் வேகம் 15 நாட் (knot) என்பதிலிருந்து 20 ஆனால் பாயின்மேல் அழுத்தம் முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆகவே சராசரிக் காற்றைப் பார்க்காமல் திடீர் வீச்சைப் பார்த்துப் பாயைச் சுருக்குங்கள். பெரிய பாயின் கயிறு எப்போதும் ஒருவர் கைக்கு எட்டட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை மதியத்துக்கு மேல் தென்மேற்கில் கறுத்தால், பாயை இறக்கி நங்கூரம் போட்டுவிடுங்கள். குடும்பத்தோடு கரையோரம் போய்வரும் படகு கவிழ்வது அபூர்வம். கவிழ்ந்தவை பெரும்பாலும் முழுப் பாயோடு பந்தயம் ஓட்டியவை.

படகைப் பார்க்கப் போகும்போது ஒரு நாணயம் கொண்டுபோங்கள். தளத்தையும் மிதவைகளையும் கைக்கு ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டக் டக்' என்று வந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று 'பொத்' என்றால், உள்ளே நுரைப்பலகை மேல்தோலை விட்டுப் பிரிந்திருக்கிறது. கயிறு இழுக்கும் வின்ச், பாய்மர அடி, டேகர்போர்டு பெட்டி, இந்த மூன்றையும் சுற்றி இரண்டு தடவை தட்டுங்கள். மடக்கும் கைகளின் போல்ட்டுகளைப் பிடித்து ஆட்டுங்கள், லொடலொடப்பு இருக்கக் கூடாது. அப்புறம் மிதவையின் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். என் முதல் டிரைமரானில் நான் இதைச் செய்யவில்லை. விற்றவர் நல்ல காப்பி கொடுத்தார், வெயில் இதமாக இருந்தது, பாய் புதிது. மூன்றாவது பயணத்தில் ஒரு பக்க மிதவை மட்டும் சோம்பலாக எழுந்தது. திறந்தால் நாற்பது லிட்டர் தண்ணீர், பழைய சாக்குபோல வாடை, உள்தடுப்பு ஒட்டுவிட்டுத் தனியே நின்றது. சரிசெய்த செலவில் இன்னொரு செட் பாய் வாங்கியிருக்கலாம். தொழில்முறையில் சோதிப்பவரையும் வையுங்கள். ஆனால் அவரைக் கூப்பிடலாமா என்பதை உங்கள் மூக்கே சொல்லிவிடும்.

சட்டம் கொஞ்சம்தான். குயின்ஸ்லாந்தில் 3 கிலோவாட் எஞ்சினிலிருந்து படகைப் பதிய வேண்டும், 4.5க்கு மேல் ஓட்டுநர் உரிமம் வேண்டும். இந்த அளவு படகுக்கு 8 குதிரைத்திறன், அதாவது 6 கிலோவாட் எஞ்சின் பொருத்துவார்கள் என்பதால் இரண்டும் உங்களுக்குப் பொருந்தும். ராம்பில் பாய்மரம் நிமிர்த்தும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதை மட்டும் பிள்ளைகளில் ஒருவருக்கு நிரந்தர வேலையாகக் கொடுத்துவிடுங்கள். பழகிய இருவருக்குப் படகை இறக்கித் தயார் செய்ய ஒரு மணி நேரம். முதல் முறை மூன்று ஆகும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு மாதம் பொறுங்கள். மேன்லியில் புதன்கிழமை மதியங்களில் படகுகள் பொழுதுபோக்காக ஓடும், ஆள் தேவைப்படுபவர்கள் நிறையப் பேர். இரண்டு மூன்று மல்டிஹல்லில் ஏறிப் பாருங்கள். கடைசியில் மனைவி, பிள்ளைகளோடு யாராவது ஒருவர் படகில் மோர்டன் பேயிலேயே உள்ள பீல் தீவின் ஹார்ஸ்ஷூ பேக்குப் போய் ஒரு ராத்திரி தங்குங்கள். இரவில் நீர் வற்றிப் படகு மெல்ல மணலில் அமர்ந்து, காலையில் பிள்ளைகள் ஏணி வழியே இறங்கி ஈர மணலில் நடந்து திரும்பி வரட்டும். அதற்குப் பிறகு வீட்டு வாசலை அளக்கும் டேப்பின் மறுமுனையை மனைவி பிடிப்பாரா என்று பாருங்கள். பிடித்தால் எனக்கு எழுதுங்கள், எந்தப் படகு விலைக்கு வந்திருக்கிறது என்று சேர்ந்து தேடுவோம்.