பத்தே பேரை வைத்து முடிவுக்கு வரலாமா?

கேள்வி: முழுமைத் தொகுதியின் (ஆய்வுக்குரிய அனைவரும் அடங்கிய தொகுதி) சராசரி பற்றிய கருதுகோளைச் சோதிக்கும்போது, கூறின் (அதிலிருந்து எடுத்த மாதிரி) அளவு 30க்குக் குறைவாக இருந்தால் டி-சோதனை என்று மனப்பாடமாக எழுதிவிடுகிறேன். உண்மையான காரணம் என்ன? பத்துப் பேரிடம் செய்த சோதனையை நம்பலாமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: 30 என்பது வசதிக்காக வைத்துக்கொண்ட எல்லையே தவிர, காரணம் அன்று. முழுமைத் தொகுதியின் திட்ட விலக்கம், அதாவது அளவீடுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு, நமக்குத் தெரியாததால், கூறிலிருந்து கணக்கிட்ட விலக்கத்தை அதன் இடத்தில் வைக்கிறோம். கூறு சிறியதாக இருக்கும்போது அந்த விலக்கமே கூறுக்குக் கூறு பெரிதும் மாறும். தற்செயலாக அது சிறுத்துவிட்டால், இல்லாத வேறுபாடும் பெரிதாகத் தெரியும். பத்து அளவீடுகளுக்கு, கருதுகோளை மறுக்கும் எல்லையாக மணிவடிவ இயல்நிலைப் பரவலின் 1.96ஐயே கொண்டால், 5 விழுக்காடு என்று நாம் நினைக்கும் பிழை வாய்ப்பு (உண்மையான கருதுகோளைத் தவறாக மறுக்கும் வாய்ப்பு) உண்மையில் 8 விழுக்காட்டை எட்டிவிடும். வரையற்ற பாகை (இங்கே அளவீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 9க்கு டி-அட்டவணை 2.262 என்ற கடுமையான எல்லையைத் தருவது இதனால்தான்.

டப்ளின் நகரில் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், குறைந்த அளவீடுகளைக் கொண்டே முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருந்தவர். 1908இல் 'பயோமெட்ரிகா' இதழில் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் இதற்கு வழி கண்டார். அக்கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டும் இரண்டு மருந்துகளால் பத்து நோயாளிகளுக்குக் கூடிய தூக்கம் பற்றியதே.

முதல் மருந்தால் கூடிய தூக்கத்தின் சராசரி 0.75 மணி, திட்ட விலக்கம் 1.79. மருந்தால் மாற்றமில்லை, அதாவது சராசரி சுழி என்பது இன்மை கருதுகோள். 1.79ஐ 10இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப்பிழை (கூறின் சராசரி எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு) 0.566, அதனால் 0.75ஐ வகுக்க டி-மதிப்பு ஏறத்தாழ 1.33. இது 2.262ஐ விடக் குறைவு என்பதால் கருதுகோளை மறுக்க இயலாது. இரண்டாவது மருந்துக்குச் சராசரி 2.33, விலக்கம் 2.00, டி-மதிப்பு 3.68 என வருவதால் அங்கே மறுக்கிறோம். ஆகவே, பத்துப் பேரே ஆனாலும் விளைவு பெரிதாக இருந்தால் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

முதல் மருந்து பயனற்றது என்று நிரூபணமாகிவிட்டதாக மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். விடைத்தாள்களில் மட்டுமல்ல, ஆய்வேடுகளிலும் மலிந்து கிடக்கும் இந்தத் தவறு என்னை மிகவும் வருத்துகிறது. அதே எண்களிலிருந்து 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டால் -0.53 முதல் 2.03 மணி வரை வருகிறது. தூக்கம் அரை மணி குறையலாம், இரண்டு மணி கூடலாம் என்னும் அளவுக்கு நமக்குத் தெரிந்தது குறைவு என்பதே அதன் பொருள். கூடுதல் நோயாளிகளிடம் அளந்தால் இந்த இடைவெளி சுருங்கும்.

இன்னொன்று: அளவீடுகள் ஒன்றையொன்று சாராதவை, இயல்நிலைப் பரவலிலிருந்து வந்தவை என்பவை டி-சோதனையின் எடுகோள்கள். பத்து எண்களை வைத்து இரண்டாவதை உறுதிசெய்வது கடினம். எனவே கணக்கில் இறங்கும் முன் எண்களை ஒரு கோட்டில் புள்ளிகளாகக் குறித்து, ஏதேனும் ஒன்று தனித்து விலகி நிற்கிறதா என்று பாருங்கள். ஒருமுனைச் சோதனையா (ஒரு திசை மாற்றத்தை மட்டும் தேடுவது) இருமுனைச் சோதனையா (கூடுதல், குறைவு இரண்டையும் தேடுவது) என்பதை அளவீடுகளைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.