பழைய கணினி டிஸ்கை எடுக்கவில்லையா? மதர்போர்டை மாற்ற அவசரப்படாதீர்கள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் கோவில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டியூசன் நடத்துகிறோம். ஓர் அலுவலகம் தன் பழைய மேசைக் கணினி ஒன்றைக் கொடுத்தது. அதில் இருக்கும் விண்டோஸ் 7 யாருடைய பாஸ்வேர்டையோ கேட்டு நின்றுவிடுகிறது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாம் என்று டிவிடியில் ஏற்றிப் போட்டால், டிஸ்க் சுற்றுகிறது, பிறகு அதே பழைய விண்டோஸ் வருகிறது. ஒரு தடவை ஏதோ விசையை அழுத்தியபோது நீலத் திரையிலும் பாஸ்வேர்ட் கேட்டது. கடையில் மதர்போர்டு போய்விட்டது, 350 ரிங்கிட் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. மதர்போர்டு போன கணினி விண்டோஸ் வரைக்கும் வந்து பாஸ்வேர்ட் கேட்காது. உங்கள் கணினி ஒவ்வொரு தடவையும் வருகிறது. 350 ரிங்கிட் கேட்டவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் டிஸ்கைச் சந்தேகப்படுங்கள். ஓடுகிற வேறொரு கணினியில் போட்டு உள்ளே என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு கோப்பு இருந்தால், அரிசி மூட்டையைப் பிரிக்காமல் அடுப்பில் ஏற்றியது போலத்தான். அந்தக் கோப்பை டிஸ்கில் வெறுமனே காப்பி செய்யக் கூடாது, இமேஜாக, அதாவது உள்ளே இருப்பதைப் பிரித்து டிஸ்கில் எழுதும் முறையில், பதிய வேண்டும். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது: கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சரியாகப் பதிந்த டிஸ்கில் பல கோப்புகளும் ஃபோல்டர்களும் தெரியும். அழித்து எழுதும் வகை டிஸ்க் வேண்டாம், பழைய டிரைவ்கள் பல அதைப் படிக்கத் திணறும். ஒரு தடவை மட்டும் எழுதும் டிஸ்கை வாங்கி, குறைந்த வேகத்தில் பதியுங்கள்.

டிஸ்க் சரி என்றால் அடுத்தது வரிசை. கணினி எதை முதலில் தேடுவது என்பதை பயாஸ் என்ற அடிப்படை அமைப்பு முடிவு செய்கிறது. அங்கே ஹார்ட் டிஸ்க் முதலில் இருந்தால் உங்கள் டிவிடியை அது கண்டுகொள்ளாது. பவர் போட்டவுடன், விண்டோஸ் சின்னம் வருமுன், பூட் மெனு விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள். டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப் 12, எச்பி என்றால் எஃப் 9. வரும் பட்டியலில் டிவிடி டிரைவைத் தேர்ந்தெடுங்கள். விசை வேலை செய்யவில்லை என்றால், உருண்டை முனையுள்ள பழைய கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். யுஎஸ்பி கீபோர்டை அந்தக் கட்டத்தில் அடையாளம் காணாத பழைய கணினிகள் உண்டு.

இனி அந்த நீலத் திரை. அது விண்டோஸ் பாஸ்வேர்ட் இல்லை, பயாஸ் பாஸ்வேர்ட். ஊழியர்கள் எதையும் மாற்றாமலிருக்க அலுவலகங்கள் போட்டுவைப்பது. அது தெரியாமல் வரிசையை மாற்ற முடியாது, சில கணினிகளில் பூட் மெனுவும் திறக்காது. விண்டோஸை எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் இது போகாது, ஏனென்றால் இது ஹார்ட் டிஸ்கில் இல்லை. கணினியைக் கொடுத்த அலுவலகத்துக்கே போன் செய்து, கணினிப் பிரிவு ஆளிடம் கேளுங்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணினி கொடுத்தோம் என்று படம் எடுத்துக்கொள்ள நேரம் இருக்கிறது, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி ஒட்டி அனுப்ப நேரமில்லை. பூட்டிய பெட்டியைக் கொடுத்துவிட்டு அதற்குப் பெயர் நன்கொடை.

அவர்கள் கைவிரித்தால் நீங்களே நீக்கலாம். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பக்கவாட்டு மூடியைத் திறந்து, கேசிங்கின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு, உள்ளே இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றுங்கள். சில நிமிடம் பொறுத்துத் திரும்பப் போடுங்கள். பல கணினிகளில் பாஸ்வேர்ட் இதிலேயே போய்விடும். போகவில்லை என்றால், மதர்போர்டில் பாஸ்வேர்டுக்கென்றே ஒரு சிறு ஜம்பர், அதாவது இரண்டு ஊசிகளை இணைக்கும் குட்டி மூடி, பெரும்பாலும் தனியாக இருக்கும். அது எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும், தயாரிப்பாளரின் கையேட்டில் படத்தோடு போட்டிருக்கும். ஹார்ட் டிஸ்கில் உள்ள எதுவும் இதனால் அழியாது. இது மேசைக் கணினிக்கு மட்டும்தான். மடிக்கணினியில் பெரும்பாலும் பாஸ்வேர்ட் வேறொரு சிப்பில் தங்கிவிடும், பேட்டரியைக் கழற்றிப் பயனில்லை. அதில் கை வைக்காதீர்கள்.

மூடியைத் திறந்த கையோடு அந்தப் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். சிஆர்2032 என்று கேட்டால் கார் சாவிக்குப் பேட்டரி விற்கும் கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கணினியின் தேதி ஒவ்வொரு தடவையும் பழைய ஆண்டுக்குப் போகிறதென்றால் அது செத்துவிட்டது என்று பொருள். நீங்கள் மாற்றிய வரிசையையும் அது மறந்துவிடும்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், என்ன பழுது, எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்காமல் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள். கழற்றிய பாகம் உங்கள் கைக்கு வர வேண்டும். ‘ஃபார்மேட் பண்ணித் தருகிறேன்’ என்று திருட்டு விண்டோஸைப் போட்டுக் காசு வாங்குவார்கள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-இலேயே நின்றுவிட்டன, அதை மறுபடி போடக் காசு கொடுப்பது வீண். ஏமாற்றப்பட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் போனால் உங்கள் வாய்ச்சொல் எடுபடுவது சிரமம், நம்மவர்கள் பாதிப் பேர் ரசீதே கேட்பதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் டிஸ்கை எடுக்கவில்லை என்றால் டிரைவைப் பாருங்கள். பாட்டு சிடி ஓடுவதை வைத்து டிரைவ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சிடிக்கும் டிவிடிக்கும் தனித்தனி லேசர், ஒன்று செத்து மற்றொன்று ஓடும். 700 எம்பிக்குள் அடங்கும் சிறிய லினக்ஸ் ஒன்றை சிடியில் பதிந்து போட்டுப் பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் வேறு டிரைவ் வாங்கத்தான் வேண்டும். போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பின்பக்கக் கேபிள் அகலமான ரிப்பனா, சாட்டா எனும் மெல்லிய வகையா என்பதைப் பார்த்துத்தான் கடையில் எடுத்துக் கொடுக்க முடியும்.