சுண்டைக்காய் கால் பணம்: மலிவு கார்பைன் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்க வாசகர்களுடையவை. அத்தனையும் ஒரே சரக்கைப் பற்றி: பிஸ்டல் தோட்டா போடுகிற, விலை குறைந்த கார்பைன், அதாவது தோளில் வைத்துச் சுடும் குட்டை ரைபிள். விலைகள் கடைக்குக் கடை ஐம்பது டாலர் முன்பின் இருக்கும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

500 டாலருக்குள் ஒரு 9 மி.மீ. கார்பைன் வாங்கலாமா? கையில் கிளாக் 19 பிஸ்டல் இருக்கிறது.
— ரா., டல்லஸ்

வாங்கலாம். காரணம் உங்கள் கேள்வியின் இரண்டாவது வரியில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள மேகசின்களை (தோட்டா அடுக்கும் கூடுகளை) போட முடிகிற கார்பைன்தான் உண்மையில் மலிவு. உங்கள் தொகைக்கு கெல்-டெக் சப்-2000 பொருந்தும். இரண்டாக மடித்தால் சுமார் 16 அங்குலம், எடை நாலேகால் பவுண்டு, பையில் அடங்கிவிடும். கிளாக் 19 வகைப் பிடி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பெரிய கிளாக் 17 வகைப் பிடியில் 19-இன் குட்டை மேகசின் மேலே எட்டாது. கடைக்காரர் இதைச் சொல்ல மறப்பது வழக்கம்.

குறைகளும் உண்டு. எடை குறைவு என்பதால் உதை கூடுதல், கன்னம் குழாயில் இடிக்கும். இரண்டாம் தலைமுறையில் மேலே ரெட் டாட் (குறியைச் சிவப்புப் புள்ளியாகக் காட்டும் கண்ணாடி) மாட்டினால் மடிக்க முடியாது, கழற்ற வேண்டும். கழற்றி மாட்டினால் குறி தள்ளிப்போகும். மூன்றாம் தலைமுறையில் முன்கட்டையே சுழல்வதால் அந்தத் தொல்லை இல்லை, விலை கொஞ்சம் ஏறும்.

பட்ஜெட்டை 600-க்கு மேல் நீட்ட முடிந்தால் ரூகர் பி.சி. கார்பைன். கிளாக் மேகசினுக்கான மாற்றுக் கூடு பெட்டியிலேயே வரும் மாடலா என்று பார்த்து வாங்குங்கள். எடை 6.8 பவுண்டு. அந்த எடைதான் அதன் சுகம்.

9 மி.மீ. தானே! ஏ.ஆர்-15 ரைபிளைவிட அதிகமாகத் தோளை இடிக்கிறதே, பழுதா?
— கு., ஹூஸ்டன்

பழுதல்ல, அமைப்பே அப்படி. ஏ.ஆர்-15-இல் தோட்டா பேரலைக் கடக்கும் வரை போல்ட் (பேரலின் பின்வாயை மூடும் இரும்புத் துண்டு) பூட்டியிருக்கும், பிறகு வாயு அதைத் திறக்கும். மலிவு கார்பைன்கள் அநேகமாக எல்லாமே நேரடி ப்ளோபேக். பூட்டு கிடையாது. போல்ட்டின் எடையும் சுருளின் விறைப்பும் மட்டுமே வெடிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. அதனால் போல்ட்டை இரும்புக் குண்டாகச் செய்கிறார்கள், அந்தக் குண்டு பின்னால் ஓடி இடிக்கிறது. ரூகர் போல்ட்டுக்குள் அசையும் டங்ஸ்டன் எடை ஒன்றை வைத்து அந்த இடியைக் குறைத்திருக்கிறது. ரோலர் வைத்தும் ரேடியல் முறையிலும் போல்ட் திறப்பதைத் தாமதப்படுத்துகிற துப்பாக்கிகள் இன்னும் சாது. அவற்றின் விலையைச் சொன்னால் இந்தப் பகுதியின் தலைப்பையே மாற்ற வேண்டியிருக்கும்.

ப்ளோபேக்கில் கரியும் உள்ளேயே கொட்டும். 300 சுற்றுக்கு ஒருமுறை சேம்பரையும் (தோட்டா உட்காரும் அறை) போல்ட் முகத்தையும் துடையுங்கள். அழுக்குச் சேம்பரில் தோட்டா முழுதாக உட்காராமல் வெடித்தால் சேதம் உங்கள் பக்கம்தான் வரும்.

ஹை-பாயிண்ட் 995 வாங்கினேன், 330 டாலர். பழைய பொருள் சந்தையில் 12 டாலருக்கு ஒரு பெரிய மேகசினும் வாங்கினேன். ஐந்து தோட்டாவுக்கு ஒருமுறை சிக்குகிறது. ஏமாந்துவிட்டேனா?
— வி., சின்சினாட்டி

துப்பாக்கி உங்களை ஏமாற்றவில்லை. 12 டாலர் மேகசின் ஏமாற்றியது. அதை வாங்கிய கையையும் கொஞ்சம் கேளுங்கள்.

இதைப் பற்றிப் பல நாளாகப் புலம்ப வேண்டும் என்றிருந்தேன். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கியில் பாதி வேலை மேகசினுடையது. அடுத்த தோட்டாவைச் சரியான உயரத்தில், சரியான சாய்வில், போல்ட் திரும்பி வருவதற்குள் தூக்கிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்வது ஒரு சுருளும் மேலே வளைந்த இரண்டு தகட்டு உதடுகளும். உதடு ஒரு நூல் விரிந்தால் இரண்டு தோட்டா சேர்ந்து வரும். சுருள் தளர்ந்தால் போல்ட் தோட்டாவைத் தாண்டி வெறுமனே மூடும், அல்லது தோட்டாவின் மூக்கு கீழே குத்தி நிற்கும். ஆனாலும் 700 டாலர் துப்பாக்கியை ஆறு மாதம் ஆராய்ந்து வாங்குகிறவர், மேகசின் வாங்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். கறிவேப்பிலைக்குக் கூட நாம் இதைவிட அதிகம் பார்ப்போம்.

செய்ய வேண்டியது இது. கம்பெனியின் அசல் பத்துத் தோட்டா மேகசின்கள் இரண்டோ மூன்றோ வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது சுற்றாவது, சாதாரண 115 கிரெயின் (குண்டின் எடை) பித்தளைத் தோட்டாவில் சுடுங்கள். எந்த எண்ணில் எத்தனையாவது தோட்டா, எப்படிச் சிக்கியது என்று எழுதுங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் மேகசின் பழுது. எல்லா எண்ணிலும் வந்தால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் மட்டும் துப்பாக்கியை அனுப்புங்கள். ஹை-பாயிண்டின் உத்தரவாதம் ஆயுள் முழுவதற்கும், கை மாறினாலும் செல்லும். அந்த விலையில் வேறு யாரும் அவ்வளவு தருவதில்லை.

இன்னொன்று: 330 டாலர் என்று எழுதினீர்களே, அது பாதிக் கணக்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம். விற்பனை வரி சுமார் 25, இணையத்தில் வாங்கினால் உள்ளூர் வணிகருக்குக் கைமாற்றுக் கட்டணம் 30, கூடுதல் மேகசின் மூன்று 75, உருப்படியான ரெட் டாட் 120, நம்பிக்கை வரும்வரை சுட 300 தோட்டா 75. கூட்டினால் 650-ஐத் தாண்டுகிறது. ரூகருக்கும் இந்தச் செலவெல்லாம் உண்டுதான். ஆனால் கிளாக் வைத்திருப்பவருக்கு மேகசின் செலவு இல்லை. ஹை-பாயிண்டின் மேகசின் ஹை-பாயிண்டுக்கு மட்டும்தான். அவலட்சணம் என்று அந்தக் கார்பைனை ஒதுக்காதீர்கள், ஆனால் இந்தக் கணக்கோடு வாங்குங்கள். கட்டையின் திருகுகள் சுடச்சுடத் தளரும். நீலநிறத் திருகுப்பசை ஒரு சொட்டு போதும்.

வீட்டுப் பாதுகாப்புக்கு 9 மி.மீ. கார்பைனா, 480 டாலர் ஏ.ஆர்-15-ஆ?
— ஜெ., அட்லாண்டா

பாதுகாப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் ஏ.ஆர்-15. ஒரே விலைக்கு மென்மையான உதை, எங்கும் கிடைக்கும் உதிரிபாகம். "9 மி.மீ. சுவரைத் துளைக்காது" என்று விற்பனையாளர் சொல்லியிருப்பார். துளைக்கும். ஜிப்சம் பலகைச் சுவர்கள் பலவற்றைத் தாண்டிப் போகும்.

கார்பைன் ஜெயிக்கிற இடம் பயிற்சி. 9 மி.மீ. தோட்டா 25 சென்ட் என்றால் ஏ.ஆர்-15-இன் 5.56 தோட்டா கிட்டத்தட்ட 45 சென்ட். ஆயிரம் சுட்டால் 200 டாலர் மிச்சம். ரைபிள் தோட்டாவை அனுமதிக்காத பல உள்ளரங்குகள் இதை அனுமதிக்கும். நீண்ட பேரலால் வேகம் கூடுவதும் உண்மைதான்: பிஸ்டலில் விநாடிக்கு 1,150 அடி போகிற 115 கிரெயின், 16 அங்குலப் பேரலில் 1,300-ஐ ஒட்டிப் போகும். 147 கிரெயினில் பெரிய லாபம் இல்லை. அதற்காக இது ரைபிள் ஆகிவிடாது. நூறு கெஜத்துக்கு மேல் தோட்டா கல்லாய் விழும்.

இணையத்தில் புது ரூகர் பி.சி. 289 டாலர் என்று பார்த்து ஸெல் (Zelle) என்ற வங்கிவழிச் சேவையில் பணம் அனுப்பிவிட்டேன். இரண்டு நாளாக "இன்ஷூரன்ஸ் கட்டணம் 150 அனுப்புங்கள்" என்கிறார்கள்.
— மூ., சார்லட்

ஒரு காசும் அனுப்பாதீர்கள். வெட்கப்படவும் வேண்டாம், இவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள். இன்றே வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐ.சி.3-இலும், நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி.யின் மோசடிப் புகார் தளத்திலும் பதியுங்கள். அந்த இணைய முகவரி, மின்னஞ்சல்கள், பணம் போன பெயர், எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். ஓட்டுநர் உரிமப் படம் கொடுத்திருந்தால் மூன்று கடன் மதிப்பீட்டு நிறுவனங்களிலும் உங்கள் கடன் அறிக்கையை முடக்குங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஸெல்லில் நாமே அனுப்பிய பணம் திரும்புவது கடினம், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். "மீட்டுத் தருகிறேன்" என்று அடுத்த வாரம் ஒருவன் வருவான். அவனும் அதே கும்பல்.

மற்றவர்களுக்கு: நிஜமான இணையக் கடை, எந்த உரிம வணிகருக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் கேட்கும். கேட்காமல் நேரே வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றால் மூடிவிட்டு வெளியே வாருங்கள். விற்பவரின் உரிம எண்ணை, அந்த உரிமம் தரும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப்.பின் ஈஸி செக் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். அங்கே வரும் முகவரிக்கும் தளத்தில் உள்ள முகவரிக்கும் பொருத்தம் பாருங்கள். கிரெடிட் கார்டை ஏற்காத கடையில் துப்பாக்கி என்ன, துடைப்பம்கூட வாங்காதீர்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா?
— பெயர் வேண்டாம், சியாட்டில்

பொதுவாக முடியாது. குடியேற்றமல்லாத விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. பயிற்சி அரங்கில் வாடகைக்கு எடுப்பதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்குமுன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். மாநிலச் சட்டம் வேறு குறுக்கே நிற்கும். கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை.

என் நண்பனிடம் கிரீன் கார்டு இருக்கிறது. அவன் பெயரில் வாங்கி நான் வைத்துக்கொண்டால்?
— அதே நபர், அதே நாள், இரண்டாவது மின்னஞ்சல்

வணிகரிடம் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் "உண்மையில் வாங்குபவர் நீங்களா" என்றொரு கேள்வி இருக்கிறது. பொய் சொன்னால் நண்பனுக்குக் குற்ற வழக்கு. 2022 சட்டப்படி பினாமி வாங்கலுக்கு 15 ஆண்டு வரை சிறை. உங்களுக்கு விசாவும் போகும். மூன்றாவது மின்னஞ்சல் வேண்டாம்.

கலிஃபோர்னியாவில் சப்-2000 கிடைக்குமா?
— தே., சான் ஹோசே

பிளாரிடாவில் விற்கிற வடிவில் கிடைக்காது. கழற்றும் மேகசினோடு பிஸ்டல் பிடி இருந்தாலே அங்கே தடைப் பட்டியலில் விழும், 30 அங்குல நீளக் கணக்கு தனி. பத்துத் தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினும் வாங்க முடியாது. வேட்டைத் துப்பாக்கி போன்ற கட்டையுள்ள ரூகர் பி.சி.யின் மாநிலத்துக்கேற்ற மாடலைக் கேளுங்கள். அண்டை மாநிலத்தில் வாங்கி வண்டியில் கொண்டுவரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய சப்-2000 ஒன்று 275-க்கு வருகிறது. எதைப் பார்க்க?
— சு., தாம்பா

முதலில் காலி என்று நீங்களே உறுதி செய்யுங்கள். பிறகு மடித்து விரியுங்கள், பூட்டிய நிலையில் கீலில் ஆட்டம் இருக்கக்கூடாது. பேரலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். கருப்பு வளையம் தெரிந்தால் உள்ளே ஒருமுறை தோட்டா மாட்டி வீங்கியிருக்கிறது, விலகிவிடுங்கள். பிளாஸ்டிக் முன்குறியில் விரிசல், சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தில் உடைவு பாருங்கள். இரண்டாம் தலைமுறை என்றால் வரிசை எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்துக் கேளுங்கள். பேரல் பதப்படுத்தலில் குறை என்று 2017-இல் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்தார்கள். சரிசெய்யாதது எனில் 275 அல்ல, 75-க்குக் கிடைத்தாலும் சுடாதீர்கள்.

40 டாலர் ரெட் டாட் போதுமா?
— அ., ஃபீனிக்ஸ்

போதாது. ப்ளோபேக்கின் இடியில் இரண்டாவது பெட்டித் தோட்டாவிலேயே புள்ளி அணையும். இப்படிப்பட்ட மூன்று என் மேசை டிராயரில் இருக்கின்றன, வேண்டுமானால் தபால் செலவுக்குத் தருகிறேன்.

விடுமுறைக்குச் சென்னை வரும்போது கொண்டுவரலாமா?
— ந., நியூ ஜெர்சி

9 மி.மீ. இந்தியாவில் தடை செய்யப்பட்ட குழல் அளவு. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போக ஆசை இருந்தால் கொண்டுவராதீர்கள்.