பிரதி இல்லாமல் குழுவாக நாடகம் உருவாக்கும்போது இயக்குநருக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: எழுதி முடித்த பிரதி எதுவும் கையில் இல்லாமல், நடிகர்கள் எல்லோரும் சேர்ந்து ஒத்திகையிலேயே ஒரு புது நாடகத்தை உருவாக்குவதை எப்படிக் கற்றுக்கொள்வது? அதில் இயக்குநர் என்ன செய்ய வேண்டும்? கேட்டவரிடம் எட்டுப் பேர் கொண்ட குழு இருக்கிறதாம். "உட்கார்ந்து நிறையப் பேசுகிறோம், நாடகம்தான் வரமாட்டேன் என்கிறது" என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடைசி வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. முதலில் எழுந்து நில்லுங்கள்.

நான் மதுரைப் பக்கம் கல்லூரி மாணவர்களோடும், வேலைக்குப் போய்க்கொண்டே சாயங்காலம் நடிக்க வருகிறவர்களோடும் இப்படி நாடகம் செய்துவருகிறேன். இந்த வகை நாடகத்தில் இயக்குநருக்கு முக்கியமாக இரண்டு வேலைகள். நடிகர்களுக்குச் சின்னதாக, பிடிமானத்தோடு ஒரு பணியைக் கொடுப்பது ஒன்று. அவர்கள் கொண்டுவருவதில் எது நிற்கும், எது போகும் என்று முடிவெடுப்பது இன்னொன்று. மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

பணி சின்னதாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "தண்ணீர்ப் பிரச்சினையை வைத்து ஒரு காட்சி பண்ணுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எந்த ஊர்க் குழுவாக இருந்தாலும் ஒரே காட்சிதான் வரும்: இரண்டு குடம், ஒரு சண்டை, நடுவில் வரும் அரசியல்வாதி, கடைசியில் பார்வையாளர்களைப் பார்த்து ஒரு பிரசங்கம். நடிகர்கள் மேல் குற்றமில்லை. பெரிய தலைப்பைக் கொடுத்தால் ஏற்கனவே தெரிந்த கருத்துதான் திரும்பி வரும்.

டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு 1978இல் போட்ட 'மெஷின்' வீதி நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காஜியாபாத் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சைக்கிள் நிறுத்த ஓர் இடமும், டீ குடிக்க ஒரு கேன்டீனும் கேட்டார்கள். அந்தப் போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, உயிர்கள் போயின. முதலாளித்துவம் என்ற அத்தனை பெரிய விஷயத்துக்குள் அந்தக் குழு நுழைந்தது சைக்கிள் ஸ்டாண்ட் வழியாகத்தான். நடிகர்கள் தங்கள் உடம்பையே இணைத்து ஓர் இயந்திரமாக ஓடுவார்கள், திடீரென்று அது நின்றுபோகும். ஏன் நின்றது என்பதுதான் நாடகம். மொத்தமே பதின்மூன்று நிமிடம் போல. பிரதிக்கு சஃப்தர் ஹாஷ்மி, ராகேஷ் சக்சேனா என்று பெயர்கள் இருந்தாலும், அதன் முதுகெலும்பு ஒரு குழுவின் உடம்புகள் சேர்ந்து செய்கிற அந்த ஒரு காரியம்தான்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன், பணி கொடுப்பது என்றால் என்னவென்று புரியும்.

ரேஷன் கடையை வைத்து ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தது. பேச்சை அதோடு நிறுத்திவிட்டு நான் கொடுத்த பணி இவ்வளவுதான்: "கடைக்குப் போய் வரிசையில் நில்லுங்க. யாரையும் பேட்டி எடுக்க வேண்டாம், போட்டோ வேண்டாம். யாரோ ஒருத்தருடைய கைகளை மட்டும் பாருங்க. நாளைக்கு வந்து அதை வசனம் இல்லாமல் செய்து காட்டுங்க." மறுநாள் பலரும் பை பிரிப்பது, சில்லறை எண்ணுவது என்று கொண்டுவந்தார்கள். பரவாயில்லை ரகம். ஒரு பெண் மட்டும் ஒரு பாட்டியைக் கொண்டுவந்தாள்.

பாட்டி கைரேகை இயந்திரத்தில் கட்டைவிரலை வைக்கிறார். விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். விழவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு வைக்கிறார். அடுத்து ஆள்காட்டி விரல். அப்புறம் இடது கை. ஒவ்வொரு தடவையும் வைத்துவிட்டு, இயந்திரத்தைப் பார்க்காமல் கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார். இந்தக் கடைசி விஷயம்தான் எங்களை உட்கார்ந்த இடத்திலேயே பிடித்துவைத்தது. அதை எந்த எழுத்தாளரும் மேசையில் உட்கார்ந்து யோசித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

இங்கேதான் இயக்குநர் வேலை ஆரம்பிக்கிறது. "அருமை, நாடகத்தில் வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் ஓர் அழகான துணுக்குதான் மிஞ்சும். அதன் மேலேயே அடுத்த பணியைக் கொடுக்க வேண்டும். இயந்திரத்தை வாயால் சத்தம் போட்டு ஒருவர் நடிக்கட்டும். பின்னால் வரிசை நிற்கட்டும், ஒவ்வொரு தோல்விக்கும் வரிசை அரை அடி முன்னால் நெருக்கட்டும். பிறகு கேட்டேன்: அந்தக் கை அதுவரைக்கும் என்னென்ன செய்தது? ஒருவர் செங்கல் சுமந்தார், ஒருவர் பாத்திரம் தேய்த்தார், ஒருவர் களை எடுத்தார். எல்லாம் அதே கட்டைவிரலில் முடிகிற மாதிரி. அப்போதுதான் கடைக்காரராக நின்ற பையன், யாரும் சொல்லிக்கொடுக்காமல், "எங்கம்மா போச்சு ரேகை?" என்றான். "தேஞ்சு போச்சுய்யா" என்றாள் பாட்டி. அந்த இரண்டு வரியும் கடைசிவரை மாறவே இல்லை. ரேகை தேய்ந்த கதைதான் நாடகம் என்று எங்களுக்குத் தெரிந்ததும் அந்த இடத்தில்தான். ரேஷன் ஊழல், அரிசித் தரம் என்று முதலில் பேசியதெல்லாம் தானாக உதிர்ந்துபோயிற்று.

இப்படித் துண்டு துண்டாகச் சேர்ப்பதற்கு முறையான வழிகள் உண்டு. அமெரிக்காவில் மோய்ஸஸ் காஃப்மனின் டெக்டானிக் தியேட்டர் குழு ஒவ்வொரு துண்டையும் ஒரு 'கணம்' என்று எடுத்துக்கொள்கிறது. செய்பவர் "தொடங்குகிறேன்" என்பார், முடிந்ததும் "முடிகிறேன்" என்பார். கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் நம் ஊர் ஒத்திகைகளுக்கு இது பெரிய மருந்து. காட்சி எங்கே ஆரம்பித்தது, எங்கே சிரித்துக்கொண்டே கலைந்தது என்றே தெரியாமல் போகிற வியாதி இதில் தீரும். வசனத்தில் மட்டும் தொடங்காமல் வெளிச்சம், ஓசை, ஆடை, ஒரு பொருள் என்று எதை வைத்தும் கணம் செய்யலாம் என்பது அவர்கள் முறை. செல்போன் டார்ச் ஒன்று, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும்.

அதே குழுதான் 1998 அக்டோபரில் மாத்யூ ஷெப்பர்ட் என்ற இளைஞர் தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகக் கொல்லப்பட்ட சில வாரங்களில் வயோமிங் மாநிலத்தின் லாரமி ஊருக்குப் போனது. திரும்பத் திரும்பப் போய் 200க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் எடுத்து, 2000இல் 'லாரமி ப்ராஜெக்ட்' நாடகமாக மேடையேற்றியது. நேர்காணலை வைத்து நாடகம் செய்ய நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும். ஆனால் நீங்கள் வேலை செய்வது உங்கள் சொந்த ஊரில். பேசியவரே முன்வரிசையில் வந்து உட்காருவார். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அடையாளத்தை மாற்றுங்கள், முடிந்தால் ஒத்திகைக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சரி, துண்டுகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, அட்டையில் எழுதி, சுவரில் ஒட்டுங்கள். 'கட்டைவிரல்', 'வரிசை நெருக்குது', 'சர்க்கரை இல்லம்மா' என்று கூப்பிட வசதியான பெயர்களாக இருந்தால் நல்லது. யார் என்ன செய்தார் என்பதை ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். வீடியோ எடுக்கலாம்தான். ஆனால் நடிகர்களுக்குப் போட்டுக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் தடவை தானாக வந்த அசைவை வீடியோ பார்த்து அப்படியே திருப்பிச் செய்யப் பார்ப்பார்கள், அது செத்துப்போகும். மறுபடி செய்யும்போது விளைவைத் தேடாமல் பணிக்குத் திரும்புங்கள். "இந்த விரல் விழுந்தே ஆகணும், இன்றைக்கு மாதக் கடைசி" என்று சொல்லி மறுபடி செய்யவிட்டால் உயிர் வரும்.

இனி வெட்டுவது. கூட்டுப் படைப்பு என்றதும் எல்லாவற்றுக்கும் கை தூக்கி ஓட்டெடுக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டெடுத்தால் எல்லோருடைய காட்சியிலும் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே வரும், நாடகம் கதம்ப சாதமாகிவிடும். உருவாக்கும்போது எல்லோருக்கும் சம உரிமை, கோக்கும்போது கடைசி முடிவு ஒருவரிடம். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் குறையும்.

இந்த விஷயத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போகிற பெயர் லண்டனின் ஜோன் லிட்டில்வுட். அவருடைய தியேட்டர் வொர்க்‌ஷாப் குழு 1963இல் முதல் உலகப்போரைப் பற்றி 'ஓ வாட் எ லவ்லி வார்' நாடகத்தை உருவாக்கியது. தொடக்கப்புள்ளி, சிப்பாய்கள் பாடிய பாடல்களை வைத்து சார்ல்ஸ் சில்டன் பிபிசிக்குச் செய்த ஒரு வானொலி நிகழ்ச்சி. நடிகர்கள் போரைப் பற்றித் தேடிப் படித்து வந்து ஒத்திகையில் காட்சிகள் செய்தார்கள். பொருளோ குவியல் குவியலாக இருந்தது. லிட்டில்வுட் அதை ஒரே முடிவால் கட்டினார்: மேடையில் கோமாளி உடையில் ஆட்டமும் பாட்டும், பின்னால் செய்திப் பலகையில் செத்தவர்களின் எண்ணிக்கை. மேடையில் ரத்தம் காட்டவே தேவையில்லாமல் போனது. அந்தப் பலகை மாதிரி ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் கோக்கிறவரின் வேலை. கண்டுபிடித்துவிட்டால் எந்தக் காட்சி உள்ளே, எது வெளியே என்பதை அதுவே சொல்லிவிடும்.

பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி பாரீஸின் தியேட்டர் து சொலேய் குழு செய்த '1789' நாடகமும் அப்படித்தான். அரியான் ம்னூஷ்கின் இயக்கத்தில் 1970இல் வந்தது. பாஸ்டில் சிறை வீழ்ந்த காட்சிக்கு நடிகர்கள் பார்வையாளர்களுக்கு நடுவே பிரிந்துபோய், ஆளுக்கொரு சின்னக் கூட்டத்தை அருகே கூப்பிட்டு, அந்த நாளில் என்ன நடந்தது என்று தணிந்த குரலில் சொல்லத் தொடங்குவார்கள். குரல்கள் மெல்ல ஏறி ஏறி அரங்கம் முழுக்கக் கொண்டாட்டமாகிவிடும். கோட்டையும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம். பணம் இல்லாத குழுக்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

வசனம் எழுதத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பிரிட்டனின் ஜாயின்ட் ஸ்டாக் குழுவில் முதலில் நடிகர்களோடு சில வாரம் பட்டறை, அப்புறம் எழுத்தாளர் தனியே போய் எழுத இடைவெளி, திரும்பி வந்து ஒத்திகை. நாடக ஆசிரியர் கேரில் சர்ச்சிலின் 'கிளவுட் நைன்' 1979இல் அப்படித்தான் வந்தது. எழுத்தாளரைப் பட்டறையில் சும்மா ஓரமாக உட்காரவைக்காதீர்கள், அவரும் எழுந்து ஆடட்டும்.

பிரதி இல்லை என்பதற்காகவே வந்த தொல்லைகளும் உண்டு. பிரிட்டனில் அப்போது நாடகப் பிரதிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வாங்கிய பிரதியில் இல்லாததை மேடையில் பேசியதற்காக லிட்டில்வுட் குழு 1958இல் நீதிமன்றம் ஏறி அபராதம் கட்டியது. அந்த முறை அங்கே 1968இல் ஒழிந்தது. நம்மிடம் 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டம் இருந்தது. பிரதியைக் காவல்துறையிடம் கொண்டுபோய்க் காட்டிய கதைகளை மூத்த நாடகக்காரர்களிடம் கேளுங்கள், சுவாரசியமாக இருக்கும். நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. இருந்தாலும் அரங்கம் பிடிக்கப் போனால் "கதை என்ன, எழுதிக் கொடுங்க" என்பார்கள். ஒரு பக்கச் சுருக்கம் தயாராக வைத்திருங்கள்.

எங்கே கற்பது என்று கேட்டால், பெரிய பள்ளிக்குப் போக வாய்ப்பிருந்தால் போங்கள். இல்லையென்றால் அந்தப் பள்ளிகளின் ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாடக ஆசான் ஜாக் லெகாக் 1956இல் பாரீஸில் தொடங்கிய பள்ளியில் மாணவர்கள் தினமும் கொஞ்ச நேரம் ஆசிரியர் இல்லாமல், தாங்களே சின்னக் குழுவாகச் சேர்ந்து, கொடுத்த கருவுக்கு ஒரு காட்சி உருவாக்க வேண்டும். வாரக் கடைசியில் எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். இதற்குக் கட்டணமே கிடையாது, மொட்டை மாடி போதும். வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் 1980இல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் நடத்திய பட்டறையிலிருந்து தமிழ் வீதி நாடகக்காரர்கள் பலர் எடுத்துக்கொண்டதும் ஏறக்குறைய இதுதான்: மேடையும் ஒப்பனையும் இல்லாமல், உடம்பையும் குழுவையும் நம்பி வேலை செய்வது. அப்புறம் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் ஒரு முழு இரவுத் தெருக்கூத்தைப் பாருங்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கதைக்குள் நின்றுகொண்டே ஊர் வம்பை இழுப்பதையும், எந்த நொடியில் அதை விட்டுவிட்டு ராஜா முன்னால் கும்பிடு போடுகிறார் என்பதையும் கவனியுங்கள். அந்த நொடி தெரிந்தால் இம்ப்ரொவைசேஷனில், அதாவது பிரதி இல்லாமல் அந்த இடத்திலேயே உருவாக்கி நடிப்பதில், பாதி தெரிந்த மாதிரி.

பெயர் விஷயத்தையும் முதல் வாரமே முடித்துவிடுங்கள். போஸ்டரில் 'உருவாக்கம்: குழு' என்று எல்லோர் பெயரும், 'இயக்கம்' என்று உங்கள் பெயரும் வரட்டும். வசனம் எழுதியவர் இருந்தால் அவருக்குத் தனி வரி. பிறகு யாராவது விலகிப் போய் இதே நாடகத்தை வேறு இடத்தில் போட விரும்பினால் என்ன செய்வது என்பதையும் பேசி எழுதிவையுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது பேசினால் பத்து நிமிட வேலை.

உங்கள் எட்டுப் பேருக்கு அடுத்த வாரம் நான் கொடுக்கச் சொல்வது: ஊரில் மக்கள் காத்திருக்கிற ஓர் இடம், பஸ் ஸ்டாண்டோ அரசு மருத்துவமனை ஓபி சீட்டு வரிசையோ, அங்கே போய் ஒருவருடைய கால்களை மட்டும் பார்த்துவிட்டு வரட்டும். வசனம் கூடாது, இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. எப்படியும் இரண்டு மூன்று பேர் "நேரமே கிடைக்கல" என்று வெறுங்கையோடு வருவார்கள். திட்ட வேண்டாம். மற்றவர்கள் கொண்டுவந்த காட்சிகளில் அவர்களை வரிசையில் நிற்க வையுங்கள், வரிசைக்கு எப்படியும் ஆள் தேவைப்படும்.