செத்தவனாக நடிப்பவன் ஏன் நடிக்கிறான்?

கேள்வி: இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த என் பெறாமகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அங்கே கோடைகாலச் சனி, ஞாயிறுகளில் பதினேழாம் நூற்றாண்டுச் சிப்பாய் உடை போட்டுக்கொண்டு பழைய சண்டைகளை நடிக்கும் குழுவொன்றில் இருக்கிறானாம். புல்வெளியில் செத்தவன்போல் கிடக்கும் படத்தைச் சிரித்துக்கொண்டே காட்டினான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய எங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறது. போரைப் பார்க்காதவன்தானே போரை நடிப்பான்? வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததையும் இங்கே அப்படி நடிக்கலாம், “ஒழுங்கு செய்யுங்கோ சித்தப்பா” என்று கேட்கிறான். என்ன சொல்வது?
— வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: பைத்தியக்காரத்தனம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கோபத்தின் நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தச் சொல்லோடு தொடங்கினால் அவன் ஏன் அதைச் செய்கிறான் என்பது உங்களுக்குக் கடைசிவரை விளங்காது.

போரைப் பார்க்காதவன்தான் நடிப்பான் என்பது பிழை. இங்கிலாந்து உள்நாட்டுப் போரை நடிக்கும் குழுக்களில் பெயர்பெற்றது சீல்ட் நொட். 1968இல் அதைத் தொடக்கி வைத்த பிரிகேடியர் பீற்றர் யங், இரண்டாம் உலகப் போரில் கொமாண்டோ அதிகாரியாகச் சண்டையிட்டவர். அமெரிக்காவில் 1863 ஜூலையில் மூன்று நாட்கள் நடந்த கெற்றிஸ்பேர்க் சண்டையின் ஐம்பதாம் ஆண்டில், அந்த உள்நாட்டுப் போரில் இரு பக்கமும் நின்ற பழைய சிப்பாய்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதே இடத்தில் கூடினார்கள். பெரும்பாலும் எழுபது வயதை எட்டிய கிழவர்கள். தென்படையில் நின்றவர்களில் சிலர், இளம் வயதில் தாங்கள் ஏறி அடிபட்ட சரிவில் மறுபடி நடந்து போனார்கள். மேலே கல்மதிலுக்கு அப்பால் நின்ற வடபடைக்காரர்கள் அவர்களுடைய கையைப் பிடித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து மனம் இளகாதவர் குறைவு. எனக்கு மனம் இளகுகிறது, கோபமும் வருகிறது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை மையமாக வைத்து மூண்ட போர் அது. 1913இன் விழாப் பேச்சுகளில் அவர்களுக்கு ஏறக்குறைய இடமே இருக்கவில்லை. இரண்டு படைகள் கைகுலுக்கிக்கொள்ள, நடுவில் நசுங்கிய சனம் படத்துக்கு வெளியே நின்றது. வன்னியில் இருக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பெறாமகனுக்கு வருவோம். அவனைப் போன்றவர்களை இழுப்பது கொலைவெறி என்று நினைக்காதீர்கள். துப்பாக்கியில் கருமருந்து மட்டுமே இருக்கும், குண்டு இருக்காது. அந்த மருந்தை வைத்திருக்கவே அங்கு பொலிஸ் அனுமதி வேண்டும். ஒரு நாளில் சண்டைக் காட்சி சிறிது நேரம்தான். மீதி நேரமெல்லாம் தையல், சமையல், தோல்வேலை, கூடாரம் அடித்தல், வரிசையில் நடக்கப் பழகுதல், பழைய பத்திரங்களைப் படித்து ‘இந்தப் பொத்தான் 1640களில் இருந்ததா’ என்று இரவிரவாக வாதாடுதல். அந்தக் கால ஈட்டி 16 அடி நீளம் என்று படைநூல்கள் சொல்கின்றன. சிப்பாய்கள் அதில் ஓரிரண்டு அடியை வெட்டிக் குறைத்துவிடுகிறார்கள் என்ற முறைப்பாடும் அந்தக் காலத்து எழுத்துகளில் உண்டு. காற்று வீசும் வெளியில் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மைல் நடந்தவனுக்கு அந்த முறைப்பாட்டுக்கு விளக்கம் தேவைப்படாது. கம்பளிச் சட்டைக்குள் வேர்த்து ஒழுகி, புகையில் கண் எரிந்து, பக்கத்தில் நிற்பவனின் தோளை மட்டும் நம்பி நின்ற ஒருவன் வரலாற்றை உடம்பால் படிக்கிறான். வாரம் முழுக்கக் கணினிக்கு முன்னால் தனியே இருக்கும் மனிதனுக்கு அந்தத் தோள் எவ்வளவு பெரிய விசயம் என்பதையும் யோசியுங்கள். தச்சரும் டொக்டரும் பல்கலைக்கழக மாணவனும் ஒரே பானையில் சாப்பிடும் இடங்கள் அந்த நாட்டில் அதிகம் இல்லை.

நமக்கும் இது புதிதல்ல. கந்தசஷ்டியின் ஆறாம் நாள் எந்த முருகன் கோவில் வீதியில் என்றாலும் போய் நின்று பாருங்கள். சூரனைத் தூக்கி ஆட்டுவதற்குப் பெடியள் அடிபடுவார்கள். வேலைத் தூக்குவதைவிடச் சூரனைத் தூக்குவதில்தான் அவர்களுக்கு மவுசு. யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாறும்போது கிழவிகள்கூட எழும்பி நிற்பார்கள். அதுவும் போரை நடிப்பதுதான். ஆனால் அந்தப் போரில் தோற்றவன் அயல் ஊரில் யாருடைய பிள்ளையும் அல்லன். கடைசியில் அவன் சேவலும் மயிலுமாகி முருகனுடனேயே இருந்துவிடுகிறான். அதனால்தான் எல்லாரும் மனம்விட்டுப் பார்க்கிறோம்.

ஒரு போரைப் பொழுதுபோக்காக நடிக்க முடிவது அந்தப் போர் யாருடைய வீட்டுக்குள்ளும் இல்லாமல் போன பிறகுதான். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில், மார்ஸ்டன் மூர்ச் சண்டையில் 1644இல் விழுந்தவனுக்காக இன்று அழ ஒரு தாய் இல்லை. மன்னர் பக்கம், பாராளுமன்றப் பக்கம் என்று எந்த உடையை உங்கள் பெறாமகன் போட்டாலும் அடுத்த வீட்டுக்காரர் கதவைச் சாத்தமாட்டார். ஹிட்லரின் படை உடையைப் போட்டுக்கொண்டு திரிபவர்களை அதே ஐரோப்பாவில் அப்படி விட்டுவிடுவதில்லை. ஜேர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதே சட்டப்படி குற்றம். அமெரிக்கர்களும் இதில் ஒரு பாடம் படித்தார்கள். 1961இல், தங்கள் உள்நாட்டுப் போரின் முதலாம் மனாசஸ் சண்டையின் நூறாம் ஆண்டை அந்தச் சண்டை நடந்த நிலத்திலேயே பெரிய எடுப்பில் நடித்தார்கள். அதன் பின்னர் தேசியப் பூங்காச் சேவை தன் பொறுப்பில் உள்ள போர்க்களங்களில் அப்படியான போலிச் சண்டைகளைத் தடுத்துவிட்டது. உடை போடலாம், பழைய துப்பாக்கியை வெடித்துக் காட்டலாம். எதிரெதிரே வரிசையாக நின்று சுட்டுக்கொள்வதும் செத்து விழுவதும் அந்த நிலத்தில் கூடாது. அவர்களுடைய போர் முடிந்து அப்போதே ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகிவிட்டிருந்தது.

இப்போது முல்லைத்தீவுக்கு வாருங்கள். 1803, கண்டியில் ஆங்கிலப் படை அழிந்த ஆண்டு. அந்த ஓகஸ்ட் மாதம் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். ஒக்டோபர் 31ஆம் திகதி கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்ரிபேர்க்கின் படையிடம் தோற்றான். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, ஆகவே நடிக்கலாம் என்று உங்கள் பெறாமகன் கணக்குப் போட்டிருப்பான். ஆண்டுக் கணக்கில் அவன் சொல்வது சரி. ஆனால் அந்தக் கோட்டை நின்ற கரையும் முள்ளிவாய்க்காலும் ஒரே கரை. அங்கே ஒரு பீரங்கிச் சத்தம் கேட்டால் 1803 யாருடைய நினைவுக்கும் வராது. 2009தான் வரும். சத்தம் கேட்டுக் குனிந்துகொள்ளும் உடம்புகள் இன்னும் அந்தக் கரையில் மீன் விற்கின்றன. அவன் காட்டிய படத்தில் செத்தவன் பின்னர் எழும்பிப் புல்லைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பான். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரத்தில் இருந்து கேட்ட தாய்மாருக்கு முன்னால் அந்தக் காட்சியை எந்த மனதோடு நடிப்பது? இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். நினைவு நாளுக்கு விளக்கு வைத்தவர்களையே விசாரித்த நிலம் இது. ஆயுதம்போல் ஒன்றைக் கையில் பிடித்து இளைஞர்கள் வரிசையாக நின்றால் அவர்களுக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆபத்துக்குள் ஊர்ப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவன் விமானம் ஏறிப் போய்விட முடியாது.

வன்னி எதையும் மீள நிகழ்த்துவதில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மே மாதமும் அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பும் போட்ட அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் குடிக்கிறோமே, அது என்ன? கடைசி நாட்களில் சனத்தை உயிரோடு வைத்திருந்த கஞ்சி. சண்டையை விட்டுவிட்டுப் பசியை நடித்துக் காட்டத் தெரிந்துகொண்ட மக்கள் நாம். யாரும் கற்றுத்தந்து வந்ததல்ல இது. போரை நடிப்பதற்கு உலகத்தில் உள்ள வழிகளில் இதைவிட நேர்மையானதை நான் அறியேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்தக் கஞ்சியை உங்கள் பெறாமகன் குடித்திருக்கிறானா? 2009 மே மாதத்தில் நீங்கள் எந்தப் பாதையால் வந்தீர்கள், யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அவனை இருத்திவைத்துச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரியைக் காணவில்லை. பிறந்த நாட்டின் வரலாற்றில் தனக்கு ஓர் உடை கிடைத்ததும் அவன் ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டான். இங்கே வந்து, எனக்கு இங்கும் ஓர் உடை இருக்கிறதா என்று கேட்கிறான். பண்டாரவன்னியனை அவன் எடுத்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவன் மறுபடி கேட்கமாட்டான்.

வெடியும் விழுந்து சாவதும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மீதியைக் கொடுங்கள். கற்சிலைமடு உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அழைத்துப் போங்கள். அங்கே ஆங்கிலேயர் நட்ட கல், பண்டாரவன்னியனை ட்ரிபேர்க் தோற்கடித்த இடம் இது என்று வென்றவன் பக்கத்திலிருந்து சொன்னது. நம்முடைய வீரனை நாம் நினைவுகூரும் இடத்தில் எதிரியின் கல் நெடுங்காலம் நின்றிருக்கிறது. பொத்தானின் ஆண்டுக்காக வாதாடத் தெரிந்த பெடியனுக்கு இங்கே வேலை குவிந்து கிடக்கிறது. 1803இல் வன்னிப் படையினர் என்ன உடுத்தினார்கள், காட்டுக்குள் எதைச் சாப்பிட்டு நடந்தார்கள், அவர்களுடைய வாளை எந்த உலையில் அடித்தார்கள்? நம் பாடசாலை மேடைகளில் பண்டாரவன்னியன் இன்னமும் சரிகைத் தலைப்பாகையும் வெல்வெட்டு உடையுமாக வந்து நிற்கிறான். லண்டனில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போய் அந்தக் காலத்து இலங்கைக் கடிதங்களைப் புரட்ட நம்மில் எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது? அவனுக்கு இருக்கிறது. தேடி எடுத்ததை அவன் எழுதி அனுப்பினால் இந்தப் பக்கங்களில் இடம் தருகிறேன். அவன் பயணம் புறப்படுவதற்கு முன் அந்த இடத்துக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். போகும் வழியில் 2009ஐயும் சொல்லுங்கள்.