கப்பல் கொழும்பில் நிற்கும் ஒரு பகல்: வெள்ளவத்தைக்குப் போய்வர நேரம் போதுமா?

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுத் திருச்சியில் இருக்கிறேன். வரும் பெப்ரவரியில் நானும் மனைவியும் மும்பையில் உல்லாசக் கப்பல் ஏறி கோவா, கொச்சி, கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் வரை போகிறோம். கொழும்புக்குக் காலை 7 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் என்று போட்டிருக்கிறது. எண்பதுகளில் சென்னையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த குடும்பம் இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறது. இன்னொரு நண்பர் கண்டியில். இருவரையும் பார்த்துவிட முடியுமா? அவர்கள் கப்பலுக்குள் வரலாமா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: ஐயா, வெள்ளவத்தைக்குத் தாராளமாகப் போய்வரலாம். கண்டிக்குப் போகாதீர்கள். வீதி வழியே 115 கிலோமீட்டர் அளவில்தான் தூரம் என்றாலும் மலைப்பாதை. போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர மூன்று மணி நேரத்துக்கு மேல். நண்பர் வீட்டுப் படியேறி ஒரு தேநீர் குடித்ததும் திரும்ப வேண்டியிருக்கும், வழியில் ஒரு லொறி பழுதானால் கப்பலும் போய்விடும். கண்டியிலிருந்து விடிகாலை ரயில் பிடித்தால் அவர் நடுக்காலைக்குள் கொழும்பின் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம். அவரை வெள்ளவத்தை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே வீட்டில் கூடுவதுதான் இந்த மாதிரிப் பகலுக்குச் சரியான வழி. இங்கே ஒரு மணி நேரம், அங்கே ஒரு மணி நேரம் என்று நாலு வீட்டுக்குப் பங்கு போட்டவர்கள் நாள் முழுக்க வாகனத்தில்தான் இருப்பார்கள்.

கப்பலுக்குள் அவர்களை அழைக்கும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு காலத்தில் வழியனுப்ப வருகிறவர்கள் கப்பல் தட்டு வரை வந்து போனதுண்டு. 2004 ஜூலையில் கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு அது உலகெங்கும் ஏறக்குறைய நின்றுவிட்டது. முன்கூட்டியே கப்பல் நிறுவனத்திடம் விண்ணப்பித்து, துறைமுக அனுமதியும் எடுக்க வேண்டும்; பெரும்பாலும் கிடைப்பதில்லை. பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் துறைமுக வாசலில் வெயிலில் காத்துநிற்கும்படி ஆகிவிடக் கூடாது.

இனி நேரக் கணக்கு. காலை 7 முதல் மாலை 6 வரை என்றால் பதினொரு மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். அவ்வளவும் உங்களுடையது அல்ல. 7 மணி என்பது கப்பல் வந்துசேரும் நேரம். கயிறு கட்டி, குடிவரவு, சுங்க அதிகாரிகள் ஏறி அனுமதி கொடுத்த பிறகுதான் பயணிகளை இறக்குவார்கள். அதிலும் கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலாக் குழுக்கள் முதலில் இறங்கும், தனியாகப் போகிறவர்கள் பிறகு. எட்டு, எட்டரைக்கு நிலத்தில் கால் வைத்தால் நல்லது. கொழும்பு முதலில் ஒரு கொள்கலன் துறைமுகம். பாரந்தூக்கிகளும் நீண்ட லொறிகளும் ஓடுகிற இடம் என்பதால் உள்ளே நடந்துபோக விடமாட்டார்கள், பேருந்தில் ஏற்றித்தான் வெளியே விடுவார்கள். ஒன்பது மணிக்கு வெளியே வந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். கோட்டையிலிருந்து வெள்ளவத்தை சுமார் 8 கிலோமீட்டர். பத்து மணிக்குள் வீட்டில் இருக்கலாம்.

திரும்பும் கணக்கை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 6 மணிக்குப் புறப்படும் கப்பலில் கடைசியாக ஏறவேண்டிய நேரம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். 5 மணி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக வாசலுக்கு 4 மணிக்கு வந்துவிடுங்கள். அதற்கு மூன்று மணிக்கு முன் வெள்ளவத்தையில் வாகனம் ஏற வேண்டும். ஆக, பத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மணி வரை, ஐந்து மணி நேரம். பழைய அயலவர்கள் ஆற அமர உட்கார்ந்து பேசிச் சாப்பிட அது நிறைவான நேரம்.

மூன்று மணியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. இங்கே பாடசாலைகள் 1.30க்கு விடும். பம்பலப்பிட்டியில் மட்டும் கொழும்பு இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி, சென் பீற்றர்ஸ், திருக்குடும்பக் கன்னியர் மடம் என்று வரிசையாக இருக்கின்றன. அந்த வேளையில் பாடசாலை வேன்களும் பிள்ளைகளை ஏற்ற வந்த கார்களும் ஓட்டோக்களும், காலி நகரை நோக்கிப் போகும் ‘காலி வீதி’யை அடைத்துக்கொண்டு நிற்கும். இரண்டரைக்கு மேல் அது வடியும். நாலரைக்குப் பிறகு அலுவலகக் கூட்டம் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் நீங்கள் கிளம்ப வேண்டிய நேரம்.

இதை உங்கள் நண்பர் வீட்டில் எப்படிச் சொல்வது என்பது முக்கியம். ‘கப்பல் ஆறு மணிக்கு’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். ‘மூன்று மணிக்கு முன் உங்கள் வீட்டிலிருந்து இறங்க வேண்டும்’ என்று மட்டும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து உபசாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆறு மணி என்ற சொல் காதில் விழுந்தால், நீங்கள் செருப்புப் போடும்போது ‘இன்னும் நேரம் கிடக்குத்தானே, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ’ என்று கேத்தில் அடுப்பில் ஏறும். மேல்மாடி வீட்டு அக்காவுக்கு ஆள் போகும், அவர் சேலை மாற்றிக்கொண்டு இறங்கி வருவார். ஒருவரும் தவறாக ஒன்றும் செய்யவில்லை, ஆனால் நாற்பது நிமிடம் போயிருக்கும். சாப்பாட்டையும் பன்னிரண்டரைக்கே போடச் சொல்லுங்கள். விருந்து நாளில் இங்கே இரண்டு மணிக்குத்தான் இலை விழும், அதனால் ஒரு வாரம் முன்பே சொல்லிவைப்பது நல்லது.

அப்புறம், எங்கே சந்திப்பது? துறைமுகத்துக்கு வாசல்கள் பல. எந்தத் துறையில் கப்பல் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் வெளியே வரும் வாசல் மாறும். அதனால் ‘துறைமுக வாசலில் நில்லுங்கள்’ என்ற ஏற்பாடு வேண்டாம். வெளியே எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையில் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் அதற்குத் தோதானது. 1875 முதல் இருக்கிற ஹோட்டல், எந்த ஓட்டோக்காரருக்கும் தெரியும். சுயஸ் கால்வாய் திறந்தபின் கிழக்கு நாடுகளுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போன கப்பல்கள் கொழும்பில் நின்று போயின. அந்தப் பயணிகளும் உங்களைப் போலத்தான் ஒரு பகலுக்கு இறங்கி, அந்த வாசலைக் கடந்து ஊருக்குள் போனார்கள்.

வாகனத்தை நீங்கள் தேட வேண்டாம். வாசலில் சூழ்ந்துகொள்கிறவர்களிடம் பேரம் பேசுவதை விட, வெள்ளவத்தையிலிருந்து நண்பர் தன் கைபேசியிலேயே பிக்மீ அல்லது ஊபர் போட்டு அனுப்புவது எவ்வளவோ மேல். கட்டணம் முன்பே தெரியும், வண்டி எங்கே வருகிறது என்பதும் அவருக்குத் தெரியும். மனைவியின் முழங்காலை நினைத்து, ஓட்டோ வேண்டாம், கார் என்று சொல்லுங்கள். காலிமுகத் திடலைத் தாண்டும்போது வலப்பக்கம் கடல் வரும். கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு காலி வீதியில் நெரிசல் என்றால் மரைன் டிரைவ் வழியாகப் போகச் சொல்லுங்கள். ரயில் பாதையை ஒட்டிக் கடலோரமாக வெள்ளவத்தை வரை போகிற வீதி அது.

ரயிலையும் மறந்துவிட வேண்டாம். கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று கரையோரமாகவே போகும், வீதி நெரிசல் அதைத் தொடாது. காலையில் கூட்டம் கோட்டையை நோக்கி வரும், மாலையில் கோட்டையை விட்டுப் போகும். நீங்கள் இரண்டு முறையும் எதிர்த்திசை. ஆனால் மேடைக்கும் பெட்டிக்கும் நடுவில் படி உயரம், வலிக்கும் முழங்காலுக்கு அது சிரமம். ஆகவே ரயில் மாற்று ஏற்பாடாக இருக்கட்டும். கிளம்பும் நேரத்தில் வீதி அசையாமல் நின்றுவிட்டால் வெள்ளவத்தை நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

முழங்கால் பற்றி இன்னும் இரண்டு விஷயம். கப்பலிலிருந்து இறங்கும் சாய்வுப் படிக்கட்டு, கடல்மட்டம் ஏற இறங்கச் சில ஊர்களில் காலையில் ஒரு சரிவாகவும் மாலையில் வேறு சரிவாகவும் இருக்கும். கொழும்பில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. காலையில் மனைவி எப்படி இறங்கினாரோ, மாலையில் ஏறக்குறைய அப்படியே ஏறலாம். கப்பலின் வரவேற்பு மேசையில் முதல் நாளே சொல்லிவைத்தால் கைகொடுக்க ஆள் நிற்கும், சக்கர நாற்காலியும் தருவார்கள். மற்றது வெள்ளவத்தை வீடு. அங்கே இப்போது அடுக்குமாடி அதிகம். எத்தனையாவது மாடி, லிப்ட் ஓடுகிறதா என்று கேட்டுவையுங்கள்.

காகித விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. இலங்கையின் வீசா முறை 2024இல் மட்டும் இருமுறை மாறியது, அதனால் போன வருடம் போய்வந்த உறவினர் சொல்வதை நம்பி இருக்காதீர்கள். கப்பல் பயணிகளுக்கான அனுமதியை நிறுவனமே மொத்தமாக எடுக்கிறதா, நீங்களே இணையத்தில் எடுக்க வேண்டுமா என்பதைப் பயணச்சீட்டு வாங்கிய இடத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்களே எடுப்பதானால் இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே சாயலில் கூடுதல் காசு வாங்கும் தளங்கள் உண்டு. கடவுச்சீட்டைப் பல கப்பல்கள் தங்களிடமே வைத்துக்கொள்ளும். இறங்கும்போது மூலம் வேண்டுமா, பிரதி போதுமா என்று முந்தின இரவே கேளுங்கள். கப்பல் அட்டை இல்லாமல் துறைமுகத்துக்குள் திரும்ப முடியாது. அதைச் சட்டைப்பையில் போடாமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும் பொருளும் கொண்டுவரும் பொருளும். நண்பர்களுக்குப் புடவை, புத்தகம், கடையில் கட்டிய இனிப்பு கொண்டுபோகலாம். கொச்சியில் வாங்கிய மிளகுக்கொடி, செடி, விதை, பழம் வேண்டாம், அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. திரும்பும்போதுதான் மனம் கஷ்டப்படும். பயத்தம் பணியாரமும் சீனி அரியதரமும் சுட்டு, வாழையிலை வைத்துக் கட்டி, மீன் பொரியலையும் ஒரு பெட்டியில் போட்டுத் தருவார்கள். பெரும்பாலான கப்பல்கள் வெளியில் சமைத்த உணவை உள்ளே விடுவதில்லை. பை ஊடுகதிர் இயந்திரத்தில் போகும், எவர்சில்வர் பெட்டி கறுப்பாகத் தெரியும், காவலர் திறந்து பார்ப்பார், அவர்கள் விடியற்காலையில் எழும்பிச் சுட்டதெல்லாம் அங்கேயே தொட்டிக்குப் போகும். அதை நீங்கள் நின்று பார்க்க வேண்டாம். ‘சுட்டதை மத்தியானமே இலையில் வையுங்கள், கையில் தர வேண்டுமென்றால் முத்திரை உடையாத தேயிலை தாருங்கள்’ என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள்.

பெப்ரவரியில் இந்தப் பக்கத்துக் கடல் பொதுவாக அமைதி. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை என்பதால்தான் உல்லாசக் கப்பல்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அதிகம் வருகின்றன. இருந்தாலும் ஒரு துறைமுகத்தில் பிந்தி நிற்கவோ, நிற்காமலே போகவோ கப்பல் தலைவருக்கு உரிமை உண்டு. நண்பரின் மகனிடம் கப்பல் பெயரைக் கொடுத்து, மரைன் டிராஃபிக் செயலியில் பார்க்கச் சொல்லுங்கள். கப்பல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்த்து, சந்தைக்கு எப்போது போவது என்று அவர்களே முடிவு செய்யலாம்.

பதினொன்றரைக்கு மேல்தான் வெளியே வருகிறீர்கள் என்றால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் வெள்ளவத்தைக்குப் போகாமல் அவர்கள் இந்தப் பக்கம் வரட்டும். கொட்டாஞ்சேனையும் செட்டியார் தெருவும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. செட்டியார் தெருப் பக்கம் ஒரு சைவக் கடையில் மேசை பிடித்து மூன்று மணி நேரம் பேசலாம். உங்கள் மனைவிக்கு ஆசை என்றால், பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலும் அந்தப் பக்கம்தான்.

பயணத் தேதி பௌர்ணமியா என்று நாட்காட்டியில் பாருங்கள். போயா தினம் பொது விடுமுறை. வீதி காலியாக இருக்கும், நண்பர்களுக்கும் வேலை இராது, உங்களுக்கு அது நல்லதே. இறைச்சிக் கடைகள் மட்டும் பூட்டியிருக்கும், சமையலுக்கு முதல் நாளே வாங்கிவிடச் சொல்லுங்கள்.

இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்று. ஆனால் கப்பல் கிழக்கே போகிறது, கடிகாரத்தை முன்கூட்டியே நகர்த்தும் கப்பல்கள் உண்டு. கைபேசி ஊர் நேரத்தைக் காட்டும், கப்பல் தன் நேரத்துக்குப் போகும். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்து நாள் முழுக்க அதையே பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கப்பலின் சுற்றுலாவில் போனவர்கள் பிந்தினால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு விமானச் செலவும் உங்களுடையது. முந்தின இரவு அறைக்கு வரும் தினசரித் தாளில் கப்பல் நிறுவனத்தின் கொழும்பு முகவரின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்து, இறங்கும் முன்பே நண்பருக்கும் அனுப்பிவிடுங்கள். நாலரை ஆகியும் வழியில் மாட்டிக்கொண்டிருந்தால் உடனே அந்த எண்ணுக்குப் பேசுங்கள். கப்பலுக்குச் செய்தி சொல்வதும், மீறிப் போய்விட்டால் உங்கள் கடவுச்சீட்டை இறக்கி வைத்துக் கொடுப்பதும் அவர்கள்தான்.