பச்சை இலைக்குச் சிவப்பு நூல்

வணக்கம். 2001 டிசம்பரில் குளோனிங் முறையில் பிறந்த முதல் பூனையைப் பற்றிப் படித்தேன். தாய்ப்பூனைக்கு மூன்று நிறங்கள். குட்டியிடம் ஆரஞ்சு நிறமே இல்லை. மரபணுக்கள் ஒன்றாக இருந்தும் நிறம் மாறியதற்குத் தற்செயல் காரணமாம். அறிவியல் கைவிரிப்பதற்கு இது இன்னொரு பெயர்தானே? விதி என்று ஒன்று உண்டா? இதற்கு என்ன படிக்கலாம்?

க.

அன்புள்ள க.,

விதியை விட்டுவிடுகிறேன். நல்ல உயிரியல் பாடநூல் எதுவானாலும் போதும், இன்றே தொடங்குங்கள். நீங்கள் சொல்வது தாய்ப்பூனை அல்ல, செல் தந்த பூனை. குட்டியைச் சுமந்து பெற்றது வேறொன்று.

‘கைவிரிப்பு’ என்ற சொல்தான் என்னைச் சுட்டது. பூனை, எலி, மனிதர் போன்ற பாலூட்டிகளில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். கருவின் தொடக்க நாட்களிலேயே ஒவ்வொரு செல்லும் அவற்றில் ஒன்றைச் செயல்படாதபடி அணைத்துவிடுகிறது. அணைவது அம்மா தந்ததா, அப்பா தந்ததா என்பது முன்கூட்டித் தீர்மானமாவதில்லை. அணைந்தபின், அந்தச் செல்லிலிருந்து பிறக்கும் செல்கள் எல்லாம் அதையே தொடரும். பெண் எலிகளின் ரோமத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்த நிறங்களை வைத்து மரபியலாளர் மேரி லயன் 1961-இல் இதைச் சொன்னார். பூனையின் ஆரஞ்சு மரபணுவும் எக்ஸில்தான் இருக்கிறது. எடுத்த செல்லில் அது அணைந்திருந்தது, குட்டியிலும் விழிக்கவில்லை என்பதே விளக்கம்.

கங்காருவைப் பாருங்கள். அங்கே அணைவது எப்போதும் அப்பாவின் எக்ஸ். தற்செயல் இல்லாத இடத்தில் இல்லை என்றுதான் உயிரியல் சொல்கிறது. இருக்கும் இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் அது எப்படிக் கைவிரிப்பாகும்? எண்ணி, அளந்து, கண்டுபிடித்த ஒன்றை அறியாமை என்று எழுத உங்களுக்கு ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கிறது.

கோபத்துக்குக் காரணம் உண்டு. நானும் அக்காவும் ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர். அப்பாவுக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய வராது. அக்காவுக்கும் வராது. எனக்கு வரும். தையல் வகுப்பில் பச்சை இலைக்குச் சிவப்பு நூலைக் கோத்தாள் என்று அவளை நிற்க வைத்தார்கள். “உன் தங்கைக்குத் தெரிவது உனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?” ஒரே முகம், ஆகவே பொய். அவள் நடிக்கிறாள் என்று நானும் நம்பினேன்.

அந்த நிறங்களை உணரவைக்கும் மரபணுக்களும் எக்ஸில்தான் இருக்கின்றன. அவளுடைய விழித்திரையை உருவாக்கிய செல்களில் பெரும்பாலானவை அம்மாவின் எக்ஸை அணைத்திருக்க வேண்டும்; என்னுடையவை அப்படிச் செய்யவில்லை. இப்படிப்பட்ட இரட்டைச் சகோதரிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அவளிடம் ஓடியபோது எங்களுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. முழுவதும் கேட்டுவிட்டு, “அப்போது நீயாவது என்னை நம்பியிருக்கலாம்” என்றாள்.

அவள் இன்னும் தைக்கிறாள். நூல்கண்டுகளை நிறம் பிரித்து, பெயர் எழுதி ஒட்டித் தருவது நான்.